மிதவேக மாமணி பொன்னுரங்கம்

ஒரு காட்டில், நடுவே நான்கு வழிச் சாலை போட்டு முடித்த வருஷத்தில், பொன்னுரங்கம் என்ற தேவாங்கு ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். அதற்கு முன் அந்தக் காரை வைத்திருந்தது ஒரு சிறுத்தை. இருக்கை மிகவும் தாழ்வாக இருக்கிறது, இடுப்பு வலிக்கிறது, ஓடிப்போனாலே சீக்கிரம் போய்விடலாம் என்று சொல்லி அது விற்றுவிட்டது.

பொன்னுரங்கம் பிறந்ததிலிருந்து எந்த இடத்துக்கும் நேரத்துக்குப் போய்ச்சேர்ந்ததில்லை. ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குக் கையை நீட்டினால், அது போய்ச்சேர்வதற்குள் அந்தக் கிளையில் இரண்டு இலை புதிதாகத் துளிர்த்திருக்கும். ரேஷன் கடையிலும் ஆதார் முகாமிலும் பின்னால் நின்றவர்கள் எல்லாம் அவரிடம் சொன்னது ஒரே வாக்கியம்தான். "யோவ், கொஞ்சம் நகருய்யா."

அப்படிப்பட்டவர் முதல்நாள் அந்தக் காரில் ஏறி, பகல் வெளிச்சத்தில் கண் கூசும் என்பதால் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஆக்ஸிலேட்டரில் காலை வைத்தார். வைத்த காலை எடுக்காமல் இருந்தார். வேகம் வருவதற்கு அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஒன்றும் செய்யாமல் இருப்பது அவருக்கு நன்றாகத் தெரிந்த வேலை. கார் நூறைத் தாண்டியபோது மரங்கள் பின்னால் ஓடின. அத்தனை வருஷமாக அவரைத் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் பின்னால் போனார்கள். பொன்னுரங்கம் கறுப்புக் கண்ணாடிக்குள் அழுதார்.

சதுப்பு நிலத்துப் பக்கம் ஏட்டு தணிகாசலம் நின்றிருந்தார். அவர் ஒரு கொக்கு. இறக்கைக்குள் லேசர் துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பார். தூரத்திலிருந்து பார்த்தால் கம்பம் மாதிரி இருக்கும்.

"நாப்பதுல போகவேண்டிய ரோட்டுல நூத்தி பதினாலு," என்றார் ஏட்டு. "பேர் சொல்லுங்க."

பொன்னுரங்கம் பேர் சொல்லி முடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. அடுத்த வாரம் அதே இடத்தில் இன்னொரு தடவை மாட்டினார். அந்தக் காட்டில் மூன்றாவது தடவை மாட்டினால் வண்டியை நசுக்கிப் பஸ் ஸ்டாப்பில் பெஞ்சாகப் போட்டுவிடுவார்கள். ஆற்றோர நிறுத்தத்தில் இருக்கும் பச்சை பெஞ்சு ஒரு காட்டுப்பன்றியின் ஜீப். அந்தப் பன்றி தினமும் அதில் உட்கார்ந்துதான் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறது.

அந்த பெஞ்சைப் பார்த்துவிட்டு வந்த அன்று பொன்னுரங்கம் சாப்பிடவில்லை. அவர் மனைவி குமுதவல்லிதான் சொன்னாள்.

"குகைக் கடைத்தெருவுல தமயந்தி அம்மா கடை இருக்குதாம். போலீஸ் எங்க நிக்குதுன்னு முன்னாடியே சொல்ற பெட்டி விக்கிறாங்களாம். போய்ப் பாருங்களேன்."

தமயந்தி அம்மாள் ஒரு வவ்வால். கடை முழுக்கப் பெட்டிகள் தலைகீழாகத் தொங்கின. அவரும் தலைகீழாகத் தொங்கியபடிதான் பேசினார்.

"வாங்க. அலை விட்டுக் கண்டுபிடிக்கிறது எங்க பரம்பரைத் தொழில். உங்களுக்கு ரேடாருக்கு வேணுமா, லேசருக்கு வேணுமா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ரேடார் சாம்பார் வாசனை மாதிரி. எங்கியோ யாரோ கொதிக்க வைப்பாங்க, அடுத்த தெருவுலயே உங்க மூக்குக்குத் தெரிஞ்சிடும். அதுக்கு டிடெக்டர் போதும். முன்னால போற வண்டி மேல ரேடார் அடிக்கும்போதே பின்னால வர்ற உங்களுக்கு இது கத்திச் சொல்லிடும். லேசர் அப்படி இல்ல. மூக்குல விழுற குத்து. தெரியும்போது விழுந்தாச்சு. அதுக்கு ஜாமர் வேணும். அவங்க லேசர் அடிச்சா நாம பதிலுக்கு வெளிச்சம் அடிப்போம். துப்பாக்கி குழம்பிப்போய் நம்பர் காட்டாது."

"அது சட்டப்படி..."

"டிடெக்டர் வைக்கலாமா கூடாதான்னு சட்டத்துல இன்னும் எழுதல. ஜாமர் கூடாதுன்னு எழுதியாச்சு. அதனால ஜாமரை பார்க்கிங் சென்சார்னு பில் போட்டுத் தருவேன்."

பொன்னுரங்கத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அம்மா, இது உண்மையிலேயே ஏட்டையா துப்பாக்கியை ஏமாத்துமா?"

"ஏமாத்தாம? அந்தத் துப்பாக்கியை சப்ளை பண்றதே நான்தானே. அடுத்த வருஷம் புது மாடல் வருது. அதுக்கேத்த மாதிரி உங்க ஜாமருக்கும் அப்டேட் வரும். கவலைப்படாதீங்க, ரெண்டு பக்கமும் சர்வீஸ் உண்டு."

டிடெக்டரில் மூன்று வகை இருந்தது. முதலாவது எதைப் பார்த்தாலும் கத்தும். தானாகத் திறக்கும் கடைக் கதவுக்குக்கூடக் கத்தும். இரண்டாவதில் வரைபடம் உண்டு. பொய்யாகக் கத்தின இடத்தில் பட்டனை அமுக்கினால், அந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு அடுத்த தடவை வாயை மூடிக்கொள்ளும். மூன்றாவது காரின் மூக்குக்குள் ஒளிந்திருக்கும், போலீஸ் முன்னால் நிற்கிறதா பின்னால் வருகிறதா என்று அம்புக்குறி காட்டும். பொன்னுரங்கம் மூன்றையும் பார்த்தார். தமயந்தி அம்மாள் கடையைப் பூட்டிவிட்டுப் போய் மறுநாள் திறந்தபோதும் அவர் இரண்டாவது பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் ஜாமரைப் பற்றிக் கேட்டார்.

"ஜாமர்ல ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம்," என்றார் தமயந்தி அம்மாள். "அது கத்தின உடனே பிரேக் போட்டு நாப்பதுக்கு வந்து, அதை அணைச்சிடணும். நாலு செகண்டு. அதுக்கு மேல நம்பர் காட்டலைன்னா ஏட்டுக்கு சந்தேகம் வந்துடும். எங்க, மணி அடிக்கிறேன், இந்த பட்டனை அமுக்குங்க பார்ப்போம்."

மணி அடித்தார். பொன்னுரங்கத்தின் விரல் புறப்பட்டது. தமயந்தி அம்மாள் ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து, சாப்பிட்டு, விதையைத் துப்பி, வாய் துடைத்தார். விரல் பட்டனுக்கு வந்துசேர்ந்தது.

தமயந்தி அம்மாள் மணியை எடுத்த இடத்திலேயே மாட்டிவைத்தார்.

"உங்களுக்கு ஒண்ணு போதாது," என்றார் தமயந்தி அம்மாள் கடைசியில். "மூணு டிடெக்டரையும் போட்டுக்குங்க. முதல் பெட்டி பொய்யாத்தான் கத்தும், ஆனா முன்னாடியே கத்தும். உங்களுக்கு முன்னாடியே வேணும். ஜாமர்ல வண்டி அகலமா இருக்கறதால முன்னால வெளிச்சம் அடிக்கிற கண்ணு மூணு, பின்னால ரெண்டு. நடுக் கண்ணு நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்துல. ஏட்டு அங்கதான் குறி வைப்பாரு. வண்டி தாழ்வா இருக்கிறது நல்லது. கறுப்பா இருந்திருந்தா இன்னும் நல்லது, லேசர் பட்டுத் திரும்பிப் போகாது."

எல்லாவற்றையும் பொருத்திக்கொண்டு பொன்னுரங்கம் சாலையில் இறங்கினார்.

அரை கிலோமீட்டர் போவதற்குள் முதல் பெட்டி கத்தியது. அவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கத் தொடங்கினார். கால் பிரேக்குக்குப் போய்ச்சேர்ந்தபோது, கத்தியது குரங்குகளின் சூப்பர் மார்க்கெட் கதவைப் பார்த்து என்று தெரிந்தது. பிரேக்கிலிருந்து கால் திரும்பி வரும் வழியிலேயே பெட்டி மறுபடி கத்தியது. இந்த முறை எதிரே வந்த முள்ளம்பன்றியின் கார். பின்னால் நெருங்கி வருகிறவர்களுக்கு முள் குத்திவிடக் கூடாதே என்று அது சென்சார் வைத்திருந்தது. பிறகு பெட்ரோல் பங்க் வந்தது. அதற்கப்புறம் இன்னொரு கதவு. பொன்னுரங்கத்தின் கால் நாள் முழுக்க இரண்டு மிதிகளுக்கும் நடுவே பயணத்திலேயே இருந்தது. வேகம் ஐந்தைத் தாண்டவில்லை.

இரண்டாவது பெட்டிக்குக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார். சூப்பர் மார்க்கெட்டுக்கு நேராக வரும்போது பட்டனை அமுக்க விரலை அனுப்பினார். விரல் போய்ச்சேர்ந்தபோது கார் ஒரு வெட்டவெளியில் இருந்தது. அந்த வெட்டவெளியில் கத்தக்கூடாது என்று பெட்டி பாடம் படித்துக்கொண்டது.

இப்படி எட்டு மாதம் போயிற்று.

எட்டு மாதமும் ஏட்டு தணிகாசலம் சதுப்பு நிலத்தில் நின்று சிவப்புக் காரைக் குறிவைத்துப் பார்த்தார். துப்பாக்கியில் நம்பருக்குப் பதில் இரண்டு கோடுதான் வந்தது. துப்பாக்கியைத் துடைத்தார், தட்டினார், ஊதினார். தமயந்தி அம்மாளுக்குப் போன் செய்தார்.

"வெயில்ல பேட்டரி சூடாயிருக்கும் ஏட்டையா. நிழல்ல வைங்க," என்றார் தமயந்தி அம்மாள்.

சந்தேகம் தீராமல் ஒருநாள் தணிகாசலம் காருக்குப் பக்கத்திலேயே நடந்து போனார். நடந்தே முந்திவிட முடிந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பி வந்து, நோட்டில் 'கண்ணால் கண்ட வேகம் மிகவும் திருப்தி' என்று எழுதினார். மறுநாளும் அதையே எழுதினார்.

அந்த வருஷம் சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தது. இன்ஸ்பெக்டர் ராஜமாதங்கி என்ற யானை, காட்டிலேயே ஒழுங்காக வண்டி ஓட்டுகிறவர் ஒருவருக்கு விருது தரவேண்டும் என்று மேலிடத்து உத்தரவோடு வந்தார். பட்டியலைப் பார்த்தால் எல்லார் பேரிலும் வழக்கு இருந்தது. எட்டு மாதமாக வழக்கே இல்லாதவர் ஒருவர்தான். பொன்னுரங்கத்துக்குக் கடிதம் வந்தது. அவருக்கு 'மிதவேக மாமணி' விருது தரப்படும். பழைய இரண்டு வழக்குகளும் தள்ளுபடியாகும். ஆலமரத் திடலில் காலை சரியாகப் பத்து மணிக்கு மேடையில் இருக்கவேண்டும். இல்லையேல் விருது ரத்து, வழக்குகள் நீடிக்கும்.

விழா நாளன்று கணவனும் மனைவியும் விடிவதற்கு முன்பே கிளம்ப ஆரம்பித்தார்கள். பொன்னுரங்கத்தின் சட்டையில் ஏழு பட்டன். குமுதவல்லியின் புடவையில் ஐந்து மடிப்பு. ஐந்தாவது பட்டனும் மூன்றாவது மடிப்பும் முடிந்தபோது மணி ஒன்பதே முக்கால். திடல் முப்பத்திரண்டு கிலோமீட்டர்.

"பாதிப் பட்டனோட போனா பரவாயில்லைங்க," என்றாள் குமுதவல்லி. அவர்கள் முன்கூட்டியே காரில் உட்கார்ந்துதான் உடுத்திக்கொண்டிருந்தார்கள்.

கார் புறப்பட்டது. பொன்னுரங்கம் வழக்கம்போல முதல் கத்தலுக்காகக் காத்திருந்தார். கத்தவில்லை. குரங்குகள் சூப்பர் மார்க்கெட்டைச் சாத்திவிட்டு விழாவுக்குப் போயிருந்தன. முள்ளம்பன்றியும் போயிருந்தது. பெட்ரோல் பங்கில் ஆளில்லை. மூன்று பெட்டியும் பேசாமல் இருந்தன.

"செத்துப்போச்சாங்க?" என்று கேட்டாள் குமுதவல்லி.

"இல்ல," என்றார் பொன்னுரங்கம். "ரோட்டுல யாருமே இல்ல."

காலை வைத்தார். வைத்த காலை எடுக்கவில்லை. அறுபது வந்தது. நூறு வந்தது. நூற்று நாற்பதில் முள் நின்றது.

"ஏங்க, மரமெல்லாம் எங்க போகுது?"

"பின்னால."

குமுதவல்லி அதுவரை அவ்வளவு வேகமாகச் சிரித்ததில்லை. பாதிக் கட்டிய புடவையின் முந்தானை ஜன்னலுக்கு வெளியே கொடிபோலப் பறந்தது. சதுப்பு நிலத்து வளைவுக்காக பொன்னுரங்கம் இரண்டு கிலோமீட்டருக்கு முன்பே கையைத் திருப்பத் தொடங்கியிருந்தார். கை அங்கே வந்தபோது வளைவும் வந்தது. ஏட்டு நிற்கும் இடம் காலியாக இருந்தது. அதேபோல மூன்று கிலோமீட்டருக்கு முன்பே பிரேக்குக்குக் காலை அனுப்பிவிட்டார். கார் ஆலமரத் திடலுக்குள் வந்து, சிவப்புக் கம்பளத்தின் மேல் முன்சக்கரம் ஏறி நின்றபோது ஒன்பது ஐம்பத்தொன்பது. தூசியும் சருகும் எழுந்து மேடையில் இருந்தவர்கள் மேல் மெதுவாக இறங்கின.

பிறந்ததிலிருந்து முதல்முறையாக பொன்னுரங்கம் நேரத்துக்கு வந்திருந்தார்.

வரவேற்க வந்த ஏட்டு தணிகாசலம் பானெட்டில் இறக்கையை வைத்தார். சுட்டது, எடுத்துக்கொண்டார்.

"வீட்டுல எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?"

பொன்னுரங்கம் பொய் சொல்லத் தெரியாதவர். "ஒன்பது..." என்று ஆரம்பித்தார். கொஞ்சம் பொறுத்து, "நாப்பத்தஞ்சு," என்றார்.

தணிகாசலம் கால் விரலால் மண்ணில் ஒரு கணக்குப் போட்டார். விடை நூற்று முப்பத்தேழு. இறக்கையில் இருந்த பாராட்டுப் பத்திரத்தைப் பார்த்தார். 'எட்டு மாதம் நேரில் கண்காணித்துச் சான்றளிப்பவர்' என்ற வரிக்குக் கீழே அவர் கையெழுத்து இருந்தது. அவருக்கும் அன்று ஒரு பதக்கம் தருவதாக இருந்தது. மண்ணில் இருந்த கணக்கைக் காலால் அழித்துவிட்டு, அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு பழையபடி நின்றார்.

"நல்லா மெதுவாத்தான் வந்திருக்கீங்க," என்றார்.

இன்ஸ்பெக்டர் ராஜமாதங்கி பொன்னாடை போர்த்தினார். யானை அளவுக்கு நெய்த ஆடை. பொன்னுரங்கமும், பக்கத்தில் நின்ற குமுதவல்லியும், நாற்காலியோடு அதற்குள் முழுசாக மறைந்துபோனார்கள். கைதட்டல் முடிந்து பேச்சு ஆரம்பித்தது. காவல்துறையில் இருந்த அத்தனை கொக்குகளும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தன. பேசுகிறவர்கள் பட்டியலில் பதினேழு பேர்.

பொன்னாடைக்குள் குமுதவல்லியின் குரல் கேட்டது.

"எல்லாரும் பேசி முடிக்க எவ்வளவு நேரமாகும்?"

"மூணு மணி நேரம்."

"அப்போ அதுக்குள்ள ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடலாமா?"

நான்காவது பேச்சாளர் பேசிக்கொண்டிருந்தபோது அவர்கள் பொன்னாடையின் பின்பக்கமாக நழுவி இறங்கிக் காருக்குப் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். மேடையில் நாற்காலி மேல் பொன்னாடை அசையாமல் இருந்தது. அதைச் சுட்டிக்காட்டி ஒவ்வொருவரும், "இதோ, இந்த அடக்கத்தைப் பாருங்கள்," என்று பேசினார்கள். சாலைப் பக்கம் ஏதோ ஒரு சத்தம் சீறிக்கொண்டு போனது. காற்று என்று நினைத்துக்கொண்டார்கள்.

நீதி: நல்லவன் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால், அப்புறம் நாற்காலியில் பொன்னாடை இருந்தால் போதும், ஆள் நூற்று நாற்பதில் போய்க்கொண்டிருக்கலாம்.