கலெக்டரும் நேர்ந்துவிட்ட சேவலும்

ஒரு காட்டில் சிங்கம், நரி, முயல் எல்லாம் கதைக்குத் தேவையான அளவு இருந்தன. பிறகு அந்தக் காட்டை வெட்டிச் சமன்படுத்தி, கல் ஊன்றி, ‘வனதேவதை நகர்’ என்று பெயர் வைத்து மனை மனையாக விற்றுவிட்டார்கள். சிங்கம் போன இடம் தெரியவில்லை. முயல் இன்னும் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருக்கிறது. நரி மட்டும் அங்கேயே தங்கி மனை புரோக்கர் ஆகிவிட்டது. ஆகவே நீங்கள் எதிர்பார்க்கிற பெரிய மிருகங்கள் யாரும் இந்தக் கதையில் வரமாட்டார்கள். ஒரு நாயும் சில கோழிகளும்தான். இஷ்டமிருந்தால் மேலே படியுங்கள்.

வனதேவதை நகரின் கடைசி வீடு சேவுகப்பெருமாளுடையது. அவர் மனைவி அங்காளேஸ்வரி கொல்லைப்புறத்தில் கோழி வளர்த்தாள். அந்தக் கூட்டத்துக்குச் சேவல் ஒன்றே ஒன்று. அதன் பெயர் கொண்டையப்பன். சூரியன் தன்னைக் கேட்டுத்தான் உதிக்கிறது என்பது அதன் எண்ணம். கோழிகளில் மூத்தவள் செவத்தாள். அடுப்படி வாசலிலேயே மேய்வதால் வீட்டு விவகாரம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

இப்படி இருக்கையில் சேவுகப்பெருமாள் ஒரு நாயைக் கொண்டு வந்தார். அதற்குக் கலெக்டர் என்று பெயர் வைத்தார். மகனைக் கலெக்டர் ஆக்கிப் பார்க்க அவருக்கு ரொம்ப ஆசை. மகனோ செல்போன் கவர் விற்கக் கடை போட்டுவிட்டான். ஆசையை எங்காவது இறக்கி வைக்க வேண்டாமா?

கலெக்டர் வந்த அன்றே கொல்லைப்புறத்தைப் பார்வையிட்டது. இத்தனை கோழிகளை ஒன்றாகப் பார்த்ததும் அதற்குத் தலைகால் புரியவில்லை. துரத்து துரத்தென்று துரத்தியது. கோழிகள் முருங்கை மரத்தில் ஏறின. கொண்டையப்பன் மொட்டைமாடிக்குப் பறந்து டிஷ் ஆன்டெனாவில் போய் உட்கார்ந்தது. எவ்வளவு கூப்பிட்டும் இறங்கவில்லை. கீழே கூடத்தில் சீரியலில் மாமியார் மருமகளை அறையக் கை ஓங்கிய நேரத்தில் படம் நின்றுவிட்டது.

அங்காளேஸ்வரி கொதித்துப் போனாள்.

“இந்தா பாருங்க, இந்த நாய் இனிமே ஒரு கோழி மேல வாய வச்சுச்சு, எங்க அண்ணன் செங்கச் சூளைக்கு ஏத்தி விட்ருவேன். அங்கன புகைக்குள்ள கெடந்து குரைக்கட்டும்.”

“அடியே ஈசு, பழக்குனாப் பழகிரும்டி” என்றார் சேவுகப்பெருமாள்.

“நீங்க பழக்கி யாரு உருப்பட்டா?” என்றாள் அவள். பேச்சு மகன் பக்கம் போவதைக் கண்டு அவர் நாய்க்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

அவள் நேராகப் பூஜை அறைக்குப் போய்க் குலசாமி படத்துக்கு முன்னால் நின்றாள். “கோட்டைக் கருப்பா, இந்த நாயும் கோழிகளும் ஒத்துமையா ஒரே வாசல்ல படுக்க வையப்பா” என்று சத்தமாக வேண்டிக்கொண்டாள். அப்படி நடந்தால் பதிலுக்கு என்ன தருவாள் என்பதை மட்டும் மெதுவாகச் சொன்னாள். அது சாமிக்குத்தான் கேட்டது.

சேவுகப்பெருமாள் சாமியை நம்பினாலும் போனையும் நம்புகிறவர். அதில் ஒரு நாய்ப் பயிற்சி மாஸ்டரைப் பிடித்தார். மாஸ்டர் நல்ல மனுஷன், விஷயம் தெரிந்தவர். “முதல்ல நடுவுல கம்பி வலை போடுங்க. நாயை நல்லா நடக்க வச்சு, களைச்சதுக்கு அப்புறம் சங்கிலியோட கூட்டிட்டு வாங்க. அது கோழியப் பாத்துச்சுன்னா பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. உங்க பக்கம் திரும்புச்சுன்னா ஒரு பிஸ்கெட். ரெண்டையும் தனியா மட்டும் விட்றாதீங்க” என்றார்.

சேவுகப்பெருமாள் அப்படியே செய்தார். தனியாக விடக் கூடாது என்றதால் கோழிக் கூண்டுக்கு மேலே ஒரு கேமராவும் மாட்டினார். கொல்லையில் எது அசைந்தாலும் அவர் போனில் மணி அடிக்கும். காற்றில் வாழை இலை அசைந்தபோதெல்லாம் அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினார்.

கலெக்டருக்கு இந்தப் படிப்பு மிகவும் பிடித்துப் போனது. கோழியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் பிஸ்கெட். கொஞ்ச நாளில் கோழி வரும் முன்பே திரும்பிக்கொண்டது. செவத்தாள் இதைக் கவனித்தாள். தன் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வலைக்கு முன்னால் போக, வர, போக, வர என்று நடத்தினாள். ஒவ்வொரு நடைக்கும் கலெக்டருக்குப் பிஸ்கெட் விழுந்தது. பிஸ்கெட் தூள் வலைக்கு இந்தப் பக்கம் சிதறியது. இரண்டு தரப்பும் கொழுத்தன.

வலையை எடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. சங்கிலியை அவிழ்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. கோழிகள் நாயின் முதுகில் ஏறி வெயில் காய்ந்தன. ஒரு கோழி அதன் சாக்குப் படுக்கையிலேயே முட்டையிட்டது. கலெக்டர் அந்த முட்டைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து, ரிட்டையர் ஆன அதிகாரி மாதிரி படுத்திருந்தது.

அன்று இரண்டு காரியங்கள் நடந்தன.

“நல்ல நாய்க்கு எதுக்குப் பிஸ்கெட்டு?” என்று சேவுகப்பெருமாள் டப்பாவை மேல் பரணில் வைத்துவிட்டார்.

அங்காளேஸ்வரி கண்கலங்கிக் கொல்லைக்கு வந்து, கொண்டையப்பனைப் பிடித்து, அதன் காலில் மஞ்சள் துணி ஒன்றைக் கட்டிவிட்டாள்.

கொண்டையப்பனுக்குத் தரையில் கால் பாவவில்லை. “பாத்துக்கிருங்க, சமாதானத்துக்காக எனக்கு விருது குடுத்துருக்காங்க” என்று கூரைமேல் ஏறிக் கூவியது.

“விருத ஏன்யா கால்ல கட்டுறாக?” என்றாள் செவத்தாள்.

“கழுத்துல கட்டுனா எறகு மறைச்சுரும்ல.”

“யோவ், கழுத்து அவுகளுக்கு வேற சோலிக்கு வேணும். நாயும் கோழியும் ஒத்துமையா இருந்தா ஒரு சேவல் வெட்டுறேன்னு நேந்துருக்காளாம். இப்பத்தான் அண்ணன்காரன்கிட்ட போன்ல சொல்லிக்கிட்டு இருந்தா. வர்ற ஆடி வெள்ளிக்கிழமை கோயில். டோக்கன்கூட போட்டாச்சு.”

ஒரு சேவல். கொண்டையப்பன் கொல்லையைச் சுற்றிப் பார்த்து எண்ணியது. தன்னை எண்ணியது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணியது. எப்படி எண்ணினாலும் அதுவேதான் வந்தது. அப்புறம் கூரையிலிருந்து விழுந்தது. பறந்து இறங்கவில்லை, விழுந்தது. பாவமாகத்தான் இருந்தது.

எழுந்ததும் நேராக நாயிடம் ஓடியது.

“அண்ணே, அண்ணே! ஒரே ஒரு கடி கடிச்சிருங்கண்ணே!”

கலெக்டர் சுவரைப் பார்த்தபடியே, “நான் அதெல்லாம் விட்டுட்டேன் தம்பி” என்றது.

“கடிக்கக்கூட வேணாம், சும்மா துரத்துங்க. ஒத்துமை கெட்டாப் போதும், வேண்டுதல் பலிக்கல, நான் பொழச்சுக்கிருவேன்.”

“நீ பொழச்சுக்கிருவ. நான் சூளைக்குப் போவேன். அந்தம்மா சொன்னது எனக்கு மறக்கல. நீ போனா எனக்கு வருத்தம்தான். மனசாரச் சொல்றேன், ரெண்டு நாள் சாப்பிட மாட்டேன். சரி, ஒரு நாள். ஆனா சூளைக்குப் போனா ஆயுசுக்கும் புகை.”

கொண்டையப்பன் விடவில்லை. கேமராவுக்கு நேராக நாயை மறித்து நின்றது. அதன் சோற்றுத்தட்டில் ஏறிக் கிளறியது. மூக்கில் கொத்தியது. கலெக்டர் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடைசியில் அது கொட்டாவி விட்ட நேரம் பார்த்து, கொண்டையப்பன் தன் தலையையே அதன் வாய்க்குள் நுழைத்து, “கடிங்க! கடிங்க!” என்று உள்ளேயிருந்து கத்தியது. கலெக்டர் வாயை மூடாமல், மூச்சுகூட விடாமல், எச்சில் ஒழுக ஒழுக அப்படியே உட்கார்ந்திருந்தது. பயிற்சி என்றால் அதுதான் பயிற்சி.

சேவுகப்பெருமாளின் போனில் மணி அடித்தது. படத்தைப் பார்த்துச் சிலிர்த்துப் போனார். ‘சேவலுக்கும் நாய்க்கும் பாசத்தைப் பாருங்கள்’ என்று எழுதி நகர் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டார். சாயங்காலமே கொல்லை வாசலில் கூட்டம் வரிசை கட்டியது. செல்பி எடுத்தார்கள். ஒரு அம்மாள் சண்டைக்காரக் கணவரைக் கையோடு இழுத்துவந்து காட்டினாள். நரிகூட வந்து பார்த்துவிட்டு, ‘அமைதியான சூழல்’ என்று விளம்பரத்தில் சேர்த்து மனை விலையை ஏற்றிவிட்டது. அங்காளேஸ்வரிக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் வேன் வந்து நின்றது. கொண்டையப்பனை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டிக் கட்டைப்பையில் போட்டார்கள். தலை ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமுமாக அது வெளியே துருத்திக்கொண்டிருந்தது. கலெக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுவர் நனைந்திருந்தது. அது அழுததாலா, வேறு காரணமா என்று நான் விசாரிக்கவில்லை.

செவத்தாள் மெல்ல நாயின் காதருகில் போனாள்.

“ஏண்ணே, கடைசியா பிஸ்கெட் எப்பத் தின்னீக?”

கலெக்டரின் காது விறைத்தது.

“நீங்க முரடா இருந்தப்பப் பிஸ்கெட் வந்துச்சு. திருந்த ஆரம்பிச்சப்ப அள்ளி அள்ளி வந்துச்சு. முழுசாத் திருந்துன அன்னிக்கு டப்பா பரணுக்குப் போயிருச்சு. யோசிச்சுப் பாருங்க.”

“சூளை…” என்றது கலெக்டர்.

“சூளைக்கு எப்படிண்ணே அனுப்புவா? நாயும் கோழியும் ஒத்துமையா இருக்கணும்னு சாமிகிட்டச் சொல்லிட்டா. நாயே இல்லாம யாரோட ஒத்துமையா இருக்கிறது? வேண்டுதல் முடியாம உங்கள வாசல் தாண்ட விட்டாச் சாமி குத்தம். அவ பயந்த பொம்பளண்ணே.”

கலெக்டர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு கோழியை நேருக்கு நேர் பார்த்தது. செவத்தாளுக்கு ஒரு கண் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது என்பதே அப்போதுதான் அதற்குத் தெரிந்தது.

அடுத்த கணம் ஒரே தாவல். கட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த வாலைக் கவ்வி ஒரு இழுப்பு இழுத்தது. வால் மொத்தமும் வாயோடு வந்துவிட்டது. சதையில் ஒரு பல்கூடப் படவில்லை. ஆனாலும் கொண்டையப்பன் போட்ட கூப்பாட்டில் வேன் டிரைவர் சீட்டுக்கு அடியில் புகுந்துகொண்டார். சேவுகப்பெருமாள் போனைக் கீழே போட்டார். அங்காளேஸ்வரி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“கருப்பா! வாசல் வரைக்கும் வந்து கெட்டுப்போச்சே!”

“இந்த நாயிக்கு என்ன செஞ்சும் புண்ணியம் இல்ல. சூளைக்கு ஏத்தி விட்ருவோம், வேனும் நிக்குது” என்றார் சேவுகப்பெருமாள்.

“வாயக் கழுவுங்க! ஒத்துமையாக்கிக் குடுன்னு சாமிகிட்டக் கேட்டுப்புட்டு நாய வெரட்டி விட்டா, என்னைய ஏமாத்துறியாடின்னு சாமி கேக்காதா? மொட்டைவால் சேவல வேற எப்படிக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போறது? அடுத்த ஆடிக்குள்ள ரெண்டையும் பழக்கணும். அந்த மாஸ்டருக்குப் போன் போடுங்க. முதல்ல இருந்து ஆரம்பிப்போம்.”

கொண்டையப்பன் பையிலிருந்து இறங்கி, காலில் மஞ்சள் துணியோடும் பின்னால் ஒன்றுமில்லாமலும் கொல்லைக்கு நடந்தது. நடுவில் மறுபடியும் கம்பி வலை வந்தது. பிஸ்கெட் டப்பா பரணிலிருந்து இறங்கியது. கலெக்டர் ரொம்பக் கஷ்டப்பட்டு ஒரு உறுமல் உறுமியது. பிறகு பெயரைக் கேட்டதும் மெல்லத் திரும்பியது. பிஸ்கெட் விழுந்தது. செவத்தாள் தன் கூட்டத்தை நடக்கவிட்டாள்.

அன்றிலிருந்து நாயும் கோழிகளும் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்து வாழ்கின்றன. ஒவ்வொரு வருடமும் ஆடி பிறந்ததும் கொண்டையப்பன் தானாக வந்து, திரும்பி நின்று, மறுபடி முளைத்த வாலை நீட்டும். “வலிக்காம இழுங்கண்ணே” என்று சொல்லும். கலெக்டர் கண்ணை மூடிக்கொண்டு இழுக்கும். அங்காளேஸ்வரி தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவாள். மாஸ்டருக்குப் போன் போகும். கருப்பசாமி இன்னும் காத்திருக்கிறார். அவருக்கு விவரம் தெரியும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நீதி: திருந்திக்கொண்டே இருங்கள், திருந்திவிடாதீர்கள். முழுசாகத் திருந்தினால் உங்கள் பிஸ்கெட் நின்றுபோகும், பக்கத்து வீட்டுக்காரன் தலையும் போகும்.