ராட்டினத்தில் ஏறிய குருணை சார்

நெய்வேலியில் பேய்க்குப் பயப்படாதவர்கள் நிறையப் பேர் உண்டு. குருணை சாருக்குப் பயப்படாதவர் ஒருவர்கூடக் கிடையாது. அவர் தெருவில் வருகிறார் என்றால், எங்கள் பிளாக்கில் கேட்டில் சாய்ந்து நிற்பவர்கள் சட்டென்று நிமிர்ந்துகொள்வார்கள். கேட்டைப் பற்றி ஏதாவது சொல்லித் தொலைத்துவிடுவாரோ என்ற பயம்தான்.

உலோகங்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் அவருக்கு வேலை. எங்களுக்குப் பக்கத்து குவார்ட்டர்ஸ். சொந்தப் பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். “இரும்போ எவர்சில்வரோ, ஒரே கட்டி இல்லம்மா. உப்புமா மாதிரி குருணை குருணையா ஒட்டிக்கிட்டு நிக்குது” என்று எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே குருணை சார் ஆனார். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு உப்புமாவைக் கண்டாலும் கொஞ்சம் கலக்கம்.

ஒரு நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளையின் பெரியப்பா உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலியை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு குனிந்து, “கொஞ்சம் எழுந்திரிங்க. நாற்காலி களைச்சுப் போச்சு” என்றார். பெரியப்பா முறைத்துவிட்டு இன்னும் அழுந்த உட்கார்ந்தார். பாயசம் வரும் நேரத்தில் நாற்காலி மடங்கியது. இது செய்வினைதான் என்று மாப்பிள்ளை வீட்டார் முடிவு கட்டிவிட்டார்கள். அதன்பின் எங்கள் பிளாக்கில் அவருக்குப் பத்திரிகை வைப்பவர்கள், விசேஷம் முடிந்த மறுநாள்தான் வைத்தார்கள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் தன் வீட்டில், ஆசிட் தடவிய இரும்புத் துண்டு ஒன்றை மைக்ராஸ்கோப்பில் எனக்குக் காட்டினார். மேலிருந்து பார்த்தால் நம் டவுன்ஷிப் எப்படித் தெரியுமோ அப்படி, பிளாக் பிளாக்காக இருந்தது. எல்லாம் அமைதியாகக் கிடந்தன. நடுவில் ஒரே ஒரு பிளாக்கில் மட்டும் நெருக்கமாகக் கோடுகள், உள்ளே அடைபட்ட யாரோ நகத்தால் கீறியது போல.

“பாரம் வந்தா எல்லாக் குருணையும் சமமா வளையும்னு நெனைக்கிறோம். இல்லம்மா. வாட்டமா மாட்டுன ஒண்ணு மட்டும் நழுவும். அதுலயும் ஒரே கோட்டுல. திரும்பத் திரும்ப அங்கேயேதான். கடைசியில விரிசலும் அங்கதான் விழும். பக்கத்துக் குருணைக்கு ஒண்ணுமே தெரியாது.”

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டுவிட்டது.

அந்தக் கோடை விடுமுறையில் மைதானத்தில் பொருட்காட்சி போட்டார்கள். ராட்சத ராட்டினம் வந்தது. கடைசி நாள் சாயங்காலம் என் ஏழு வயது மகளை மஞ்சள் பெட்டியில் ஏற்றினேன். குறுக்குக் கம்பியைப் பூட்டப்போகும் சமயத்தில், குருணை சார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவளைத் தூக்கிக் கீழே விட்டார். அவள் அழுத அழுகையில் பஜ்ஜிக் கடைக்காரர் அடுப்பை விட்டு எட்டிப் பார்த்தார்.

“இந்தப் பெட்டி தொங்குற போல்ட்ல கோடு ஓடுதும்மா. நேத்துக் காலையில தேய்ச்சு அழிச்சேன். பூரா நாளும் சுத்துனப்புறம் இன்னைக்கு வந்து லென்ஸ் வெச்சுப் பார்த்தேன். அதே குருணை. அதே கோடு. இன்னும் விரிசல் விடல. இன்னைக்குத் தாங்கலாம். தாங்காமயும் போகலாம்.”

ராட்டினக்காரர் முத்தாண்டிக்குப்பத்துக்காரர். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஆபீஸருன்னு நெனைச்சுத்தான் சார் நேத்து தேய்க்க உட்டேன். கண்ணுக்கே தெரியாத கோட்டுக்கு நிறுத்தச் சொல்றீங்களே. ஊரே வரிசைல நின்னுகினு இருக்குது.”

“இந்தப் பெட்டிய மட்டுமாவது காலியா விடுங்க.”

“ஒண்ணு காலியா இருந்தா ராட்டினம் ஒரு பக்கமா இழுக்கும் சார். யாராவது குந்தியே ஆவணும்.”

குருணை சார் மஞ்சள் பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

ஒவ்வொரு சுற்றுக்கும் டிக்கெட் வாங்கி, அவரே அதில் சுற்றினார். மற்றப் பெட்டிகளில் கூச்சலும் சிரிப்பும். மஞ்சள் பெட்டி மட்டும் சத்தமில்லாமல் மேலே போய்ச் சத்தமில்லாமல் இறங்கியது. கண்களை மூடியிருந்தார். ஒரு கை போல்ட்டின் மேல் இருந்தது. எங்களைக் கடக்கும்போதெல்லாம் உதடுகள் அசைந்தன. கீழே நின்ற இளவட்டங்கள் முதலில் கைதட்டிக் கேலி செய்தார்கள். போகப்போகக் கேலி அடங்கியது. வரிசையில் நின்றவர்கள் காரணம் சொல்லாமல் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இருட்டுவதற்குள் ராட்டினக்காரரே நிறுத்திவிட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் ராட்டினத்தைப் பிரித்துக்கொண்டிருந்தவர், வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எங்கள் பிளாக்குக்கு வந்தார். கையில் அந்த போல்ட், இரண்டு துண்டாக.

“கழட்றதுக்கு லேசாத்தான் சார் தட்டினேன்.” அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

குருணை சார் துண்டுகளைக் கையில் வாங்கவில்லை. போல்ட் உடைந்த பரப்பில் ஓர் இடத்தை மட்டும் விரலால் தொட்டு, “இங்கதான்” என்றார். எனக்கு அங்கே எதுவும் தெரியவில்லை. மகளை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

அவள் என் பிடியிலிருந்து தலையை நீட்டி, “அங்கிள், நேத்து போல்ட்கிட்ட என்ன பேசிக்கிட்டே இருந்தீங்க?” என்று கேட்டாள்.

“போல்ட்கிட்ட இல்ல பாப்பா. முருகா முருகான்னு சொல்லிக்கிட்டிருந்தேன். சின்ன வயசுலேர்ந்தே எனக்கு ராட்டினம்னா பயம். நேத்துக்கு முன்னாடி ஒரு தடவகூட ஏறுனதில்ல.”

சொல்லிவிட்டு வெட்கப்பட்டவர் போல அவசரமாக உள்ளே போய்விட்டார்.