துவாய் அன்ரிக்கு வந்த பட்டம்

அவுஸ்திரேலியாவின் டூங்கபியில் புத்தகம் வாசிக்கிறவர்கள் பலர் உண்டு. ஏசுவதற்காகவே புத்தகம் வாசித்தவர் துவாய் அன்ரி ஒருவர்தான்.

முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் நானும் அவரும் சேர்ந்து வேலை செய்தோம். நான் யாழ்ப்பாணம். அவர் இந்த நாட்டின் பூர்வகுடிப் பெண். நாள் முழுக்கக் குளியல் துவாய் மடிப்பார். மடித்ததெல்லாம் மறுநாள் அழுக்காகத் திரும்பி வரும். தலை நரைத்திருந்ததால் தமிழ்ப் பெண்கள் நாங்கள் யோசிக்காமலே, மாமி என்பதுபோல, அன்ரி என்றோம். அவர் பேசியது ஆங்கிலம். என் காதில் அது எங்கள் ஊர்த் தமிழாகவே விழும், அப்படியே எழுதுகிறேன்.

தேநீர் அறை அலுமாரியில் பூர்வகுடிகளைப் பற்றிய நாவல்கள் சில கிடந்தன. ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுபோவார். அடுத்த நாள் முகம் தொங்கிப்போய் வருவார்.

“இதிலையும் ஒருத்தன் குடிச்சுப்போட்டு விழுந்து கிடக்கிறான். பெண்சாதி அழுகிறா. கிழவன் நட்சத்திரத்தைப் பாத்துத் தத்துவம் சொல்லுறான். ஒருத்தராவது காலமை எழும்பிப் பல்லு மினுக்கினமே?”

ஒருநாள் எரிச்சலில் ஒரு நாவலை அழுக்குக் கூடைக்குள் எறிந்தார். அது தலையணை உறைகளோடு மெஷினுக்குள் போய்விட்டது. உறையெல்லாம் கடதாசித் துருவல். மேற்பார்வையாளர் கத்தினார்.

“ஊத்தை போயிட்டுதெண்டு எழுதினவனுக்குச் சொல்லுங்கோ,” என்றார் அன்ரி.

“பிடிக்காட்டி ஏன் வாசிக்கிறியள்?” என்று கேட்டேன்.

“கடைக்குப் போனா காவலாளி எனக்குப் பின்னாலையே வாறான். அவன் என்னைப் பற்றி என்னத்தை வாசிச்சவன் எண்டு பாக்கிறன்.”

சொல்லிவிட்டு அடுத்த துவாயை எடுத்தார்.

பிறகு இல்லத்தில் ஒரு வாசிப்பு விழா வந்தது. பூர்வகுடி மூத்தவர்களையும் அழைத்திருந்தார்கள். எங்கள் வாயில் கேட்டதை வைத்து மேலாளர், ‘அன்ரி நாவல் வாசிப்பார்’ என்று சுவரொட்டி ஒட்டிவிட்டார். அதைப் பார்த்த அன்ரி அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

“எங்கடை சனத்திலை அன்ரி எண்டது பட்டம். சனம் பாத்துக் குடுக்கிறது. என்னைச் சின்னனிலை அரசாங்கம் பிடிச்சுக்கொண்டு போய் வெள்ளைக்கார வீட்டிலை விட்டது. இப்பதான் சனத்தைத் தேடிப் பிடிச்சனான். நானே பட்டத்தைச் சூட்டிக்கொண்டு வந்து நிக்கிறன் எண்டெல்லோ நினைப்பினம்!”

எங்களுக்கோ மரக்கறிக் கடை வரிசையில் முன்னால் நிற்பவரும் அன்ரிதான்.

“பேர் வைச்சது நீங்கள். நீ எழும்பிச் சொல்லு,” என்றார் என்னிடம். ஆஸ்பத்திரியில் என் பெயரைக் கூப்பிட்டாலே பதில் சொல்லக் கூசுகிறவள் நான்.

விழாவில் எழும்பினேன். “அன்ரி எங்கடை சொல்லு. எல்லாரையும் அப்பிடிக் கூப்பிடுவம். இவ பட்டம் கேக்கேல்லை.” அதோடு என் ஆங்கிலம் தீர்ந்துவிட்டது.

முன்வரிசையில் இருந்த மூத்த பெண், “எல்லாரையுமோ?” என்றார்.

“ஓம். பிடிக்காத ஆக்களையும்.”

“இவவைப் பிடிக்காதோ?”

“ஐயோ, இவவை நல்லாப் பிடிக்கும்.”

மண்டபமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பி, “வாசியுங்கோ, அன்ரி,” என்றார்.

அன்ரி புத்தகத்தைத் திறந்தார். முதல் வரியிலேயே ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். ஏசத்தான் வாயெடுத்தார், முடியவில்லை. அவரும் அழுதுகொண்டிருந்தார்.

பின்னர் அன்ரி வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த மேசையில் இப்போது துவாய் மடிக்கிறவருக்கும் தலை நரைத்திருக்கிறது. அவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.