கைய எடு, கண்ணு

தப்பக்காவைப் போலக் கம்பீரமாகத் தப்புக் கணக்குப் போட்டவர் மயிலாப்பூரில் இதுவரை பிறக்கவில்லை. இனிப் பிறப்பதும் சந்தேகம்தான்.

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மாட வீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் பத்தாம் வகுப்புக் கணக்குக்கு டியூஷன் எடுத்துவருகிறேன். நான் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தால் இடது கைகளெல்லாம் தானாக நோட்டை மூடிக்கொள்ளும். அதை மரியாதை என்று நினைத்திருந்தேன். அது பயம். வளர்த்தவன் நான்தான்.

அந்த அறைக்குள் ஒரு நாள், நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் டிபன் பையோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கோட்டூர்புரத்துக்காரர். ஆஸ்பத்திரியில் பெருக்கும் வேலை. பத்தாவது தேறினால் வார்டு உதவியாளர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். மற்ற பாடங்களை முடித்துவிட்டார், கணக்கு மட்டும் பாக்கி.

முதல் நாளே போர்டுக்கு வந்து, ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் என்றால் ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார்.

"தப்பு," என்றேன்.

"இன்னா சார் தப்பு? ஏவுக்கு ஒரு ஸ்கொயர், பிக்கு ஒரு ஸ்கொயர். ஓரவஞ்சனை எதுவும் பண்லியே."

"நடுவுல டூ ஏபி வரணும்மா."

"அத்த யாரு கூப்ட்டது?"

சிரிப்பே கேட்டறியாத அறை குலுங்கியது. பிள்ளைகள் அன்றே தப்பக்கா என்று பெயர் வைத்தார்கள். அவரும் நோட்டு அட்டையில் அதையே எழுதிக்கொண்டார்.

பக்கத்தில் நஸ்ரின். கணக்குப் பரீட்சை என்றாலே வாந்தி எடுக்கும் பெண். அவள் நோட்டை மறைத்தால் தப்பக்கா தன் நோட்டைத் தள்ளிவைப்பார்.

"கைய எடு கண்ணு. எனுதப் பாரு, இன்னும் கேவலமா கீது."

"அக்கா, மைனஸ விட்டுட்டீங்க."

"பாத்தியா, உனுக்குத் தெரியுது."

பிறகு அவருடைய தப்பைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்குள் அடிதடி. மெல்ல அவரவர் தப்பும் வெளியே வந்தது.

பொதுத்தேர்வுக்கு முந்தைய வாரம், தப்பக்கா மறுபடியும் டூ ஏபியை விட்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது. எல்லார் முன்னாலும் சொன்னேன்: "இந்த வயசுல எதுக்கும்மா உனக்கு இதெல்லாம்? விட்டுடு."

எழுதும்போதே கூசுகிறது. அடுத்த கணக்கில் அவருடைய இடது கை மெல்ல நோட்டின் மேல் வந்தது.

நஸ்ரின் பார்த்துவிட்டாள். தன் நோட்டை அவர் முன்னால் தள்ளினாள்.

"கைய எடுங்க அக்கா. என்னோடது இன்னும் கேவலம்." பிறகு என்னைப் பார்த்தாள். "இதுலயும் டூ ஏபி இல்ல சார். நானும் விட்டுடவா?"

முன் பெஞ்சுகளிலிருந்தும் நோட்டுகள் வந்து விழுந்தன.

நான் சாக்பீஸை எடுத்து ஒரு சதுரம் வரைந்தேன். குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. வாழ்நாளெல்லாம் சூத்திரத்தை ஒப்பிக்க வைத்தேனே தவிர, இதை வரைந்து காட்டியதில்லை. எதிரெதிர் மூலைகளில் ஒரு பெரிய சதுரம், அது ஏ ஸ்கொயர்; ஒரு சின்னச் சதுரம், அது பி ஸ்கொயர். மிச்சம் ஒரே மாதிரி இரண்டு துண்டு.

தப்பக்கா எழுந்து அருகே வந்தார். "அட, இந்த ரெண்டு துண்டுதான் டூ ஏபியா? மொதல்லியே சொல்றதுக்கு இன்னா சார்?"

நஸ்ரின் வாந்தி எடுக்காமல் பரீட்சை எழுதித் தேறினாள். தப்பக்கா முப்பத்தாறு. மாடிப்படியில் பிள்ளைகள் அவர் படத்தோடு பிளெக்ஸ் கட்டினார்கள். அவர் கேசரியோடு வந்து குறைப்பட்டுக்கொண்டார்.

"முப்பத்தஞ்சு போதும்னாங்களே சார். ஒரு மார்க்கு வேஸ்ட்டு."

நேற்று போர்டில் ஒரு மைனஸை விட்டுவிட்டேன். யாரும் பார்ப்பதற்குள் மறைக்கக் கை போனது. இந்நேரம் வார்டில் சீருடையோடு நடந்துகொண்டிருப்பவரை நினைத்துக்கொண்டேன். கையை எடுத்துவிட்டேன்.