எதிரே வருகிறவனின் விளக்கு

அடுத்தவன் வண்டி விளக்கைத் திருத்துவதற்காகவே பிறவி எடுத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவரும் என் பனியன் கம்பெனியில்தான் வேன் ஓட்டினார். இப்படிப்பட்டவர்கள் தேடிப்பிடித்து என்னிடம்தான் வந்து சேருவார்கள். அது என் ராசி.

எல்லோரும் அவரை டிம்மு என்றே கூப்பிட்டோம். எதிரே வருகிறவன் ஹெட்லைட்டை டிம் அடிக்காமல் போனால், இவர் வேனைத் திருப்பிக்கொண்டு துரத்துவார். ஒருமுறை வேலை முடிந்து குண்டடத்தில் இறங்க வேண்டிய கம்பெனிப் பெண்களோடு, ஒரு லாரியின் பின்னாலேயே பல்லடம் வரை வந்துவிட்டார். டீக்கடையில் அந்த டிரைவரைப் பிடித்து, "உங்க லைட்டு நல்லாத்தானுங்க இருக்குது. அத ஏனுங்க எம்பட மூஞ்சீல வெச்சுட்டுப் போறீங்க?" என்று மரியாதையாகக் கேட்டாராம். வேனில் இருந்த பெண்கள் அவரிடம் பேசிய பேச்சில் அந்த மரியாதை இல்லை.

கோளாறு லாரிகளில் மட்டும் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அவருடைய கண் நரம்பு கெட்டுக்கொண்டு வருகிறது, போன பார்வை திரும்பாது, இனி வண்டியைத் தொடவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நான் வேன் சாவியை வாங்கிக்கொண்டு அவரைக் கம்பெனி கேட்டில் காவலுக்கு உட்காரவைத்தேன். வண்டி ஓட்டுவதைத் தவிர வேறெதுவும் அறியாத மனிதர்.

"கண்ணுல ஒண்ணுமில்லீங்க மொதலாளி. எதுக்க வர்றவன் லைட்டுத்தானுங்க சரியில்ல. அத நான் சரி பண்ணீட்டன்னா சாவியக் குடுத்துருவீங்களா?"

ஆகிற காரியமா என்று நினைத்துச் சரி என்றேன்.

பொழுது சாய்ந்தால் தெருவிளக்கைத் தானே எரியவைக்கும் சென்சார் ஒன்றை வாங்கிவந்தார். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அதை என் கார் ஹெட்லைட்டோடு இணைத்தார். எதிரே வெளிச்சம் தெரிந்தால் விளக்கு தானாக டிம் ஆக வேண்டும். ஆனது. டீக்கடை டியூப்லைட்டுக்கும் ஆனது, கோயில் சீரியல் செட்டுக்கும் ஆனது, பௌர்ணமி நிலாவுக்கும் ஆனது. சென்சார்மேல் ஒரு துணியைக் கட்டி வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் என்றார்.

துணி என்றால் என்னிடம்தான் வர வேண்டும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தொட்டாலே துணியின் எடையைச் சொல்வேன். சிங்கிள் ஜெர்சித் துணி மெல்லிசு, கெட்டியான வெள்ளை இன்டர்லாக் துணியைக் கட்டு என்றேன். இரண்டு மடிப்புக் கட்டியதும் அந்தச் சென்சார் நிதானத்துக்கு வந்தது.

நம் வண்டியில் மாட்டி உனக்கென்னப்பா ஆகப்போகிறது என்று கேட்டேன்.

"ஒண்ணுமாகாதுங்க. எதுக்க வர்றவன் வண்டீலல்லங்க இருக்கோணும். ஊருல இருக்கற அத்தன வண்டீலயும் மாட்டோணுமுங்க. மொதல்ல உங்க காரு, நம்ம வேனு."

வேனிலும் ஒன்றை மாட்டிவிட்டு, பரீட்சைக்கு ஒரு சாயங்காலம் குறித்தோம். புது டிரைவர் ஆட்களை இறக்கிவிட்டு வேனில் திரும்பி வருவார். நாங்கள் காரில் எதிரே போக வேண்டும். வேன் தானாக டிம் அடித்து, டிம்முவின் கண்ணும் கூசாமல் இருந்தால் சாவி அவருக்கு.

பாதி வழியில் மழை பிடித்தது. நனைந்த வெள்ளைப் பனியன் எதையும் மறைக்காது என்பது திருப்பூரில் தவழுகிற குழந்தைக்குத் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. துணி நனைந்ததும் சென்சாருக்குக் கண்டதெல்லாம் வெளிச்சமாகிவிட்டது. என் கார் பல்லடம் ரோட்டில் டிம், பிரைட், டிம், பிரைட் என்று கண்ணடித்துக்கொண்டே போனது. முன்னால் போலீஸ் நிற்பதாக நான் சைகை காட்டுகிறேன் என்று நினைத்து, ஹெல்மெட் இல்லாதவர்கள் எல்லாம் வந்த வழியே திரும்பினார்கள். ஒருவர் நிறுத்தி, "எங்கீங்கண்ணா நிக்கறாங்க?" என்று கேட்டு, நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்.

மழை விட்டதும் காரை ஓரங்கட்டி, இறங்கித் துணியைப் பிழிந்து கட்டினேன். திரும்ப ஏறி உட்காரவும் வேன் வரவும் சரியாக இருந்தது. அந்தப் பக்கம் மழையே இல்லை போலிருக்கிறது. எங்கள் வெளிச்சம் பட்டதும் அதன் விளக்கு அழகாக, குனிந்து கும்பிடுகிற மாதிரி இறங்கியது. டிம்மு ஆசைப்பட்ட அதே மாதிரி. எங்களைத் தாண்டியும் போய்விட்டது. சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று அவர் பக்கம் திரும்பினேன்.

கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் வேனக் காணமுங்களே, மொதலாளி."

"வருமப்பா" என்றேன்.

அதற்கப்புறம் அவர் சாவியைக் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இப்போதும் கேட்டில்தான் இருக்கிறார். என் கார் சத்தம் கேட்டால் எழுந்து, "டிம் அடிச்சீங்களாங்க?" என்பார். அடித்தேன் என்பேன். அவரிடம் இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை. அதனால் பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டு, டிம் அடித்துவிட்டுத்தான் என் கம்பெனிக்குள் நுழைகிறேன்.