அண்ணன் தேய்த்த ஷூ

இதை எனக்கு முதலில் சொன்னது என் அண்ணனேதான். என் மூத்த மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த அன்று மத்தியானம், ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து சொன்னார். என் உதடு முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டு, "நீ சாமியைக் கூப்பிட்டுக்கிட்டே இரு, ஒரு காதை மட்டும் எனக்குக் குடு" என்று ஆரம்பித்தார். கடவுள் புண்ணியத்தில் கதை முடிவதற்குள் பேத்தி பிறந்துவிட்டாள். மீதியைத் தொட்டில் பக்கத்தில் நின்றுதான் கேட்டேன்.

அண்ணன் லாரி டிரைவர். எவ்வளவு குறுகலான சந்தாக இருந்தாலும் வண்டியைப் பின்பக்கமாகவே சொருகிவிடுவார். அண்ணியிடமும் அவருக்கு ரிவர்ஸ் கியர் மட்டும்தான்.

அவர் காலில் எப்போதும் ரப்பர் செருப்புதான். கேபினுக்குள் எஞ்சின் சூடு அடுப்பு மாதிரி அடிக்கும், அதில் எவன் ஷூ போடுவான் என்பது அவர் கட்சி. ஒரு நாள் சிமென்ட் மூட்டைகளோடு இறக்கத்தில் வரும்போது அந்தச் செருப்பு கழன்று பிரேக்குக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. மிதிக்கிறார், பெடல் இறங்கவில்லை. எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கிறார்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, செருப்பை உதைத்துத் தள்ளி, ஒருவழியாக வண்டி நின்றபோது பிள்ளைகளுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம்.

"ஒரு முழம்தான் தங்கச்சி" என்று அண்ணன் கையை நீட்டி அளந்து காட்டினார்.

விஷயம் லாரி ஷெட் மேனேஜர் காதுக்கும் போனது. "இனிமே பெடல் மேல செருப்பைப் பார்த்தேன்னா சாவியை வாங்கிட்டு அனுப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

அண்ணி திட்டவில்லை. அதுதான் அண்ணனுக்குப் பயமாக இருந்தது. அன்று சாயங்காலமே ஷூக் கடைக்குக் கிளம்பச் சொன்னார்.

"காலையில போய் வாங்கலாமே?"

"சாயங்காலம்தான் உங்க கால் வீங்கியிருக்கும். வீங்கின காலுக்குச் சரியா இருந்தாத்தான் நாள் பூரா சரியா இருக்கும். நடங்க."

கடைக்காரர் மொத்தமான பூட்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அண்ணி அதை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"அடி இவ்வளவு தடியா இருந்தா பெடல் இருக்கிறதே காலுக்குத் தெரியாதே. அகலம் வேற. பிரேக்கை மிதிச்சா பக்கத்துல இருக்கிறதையும் சேர்த்து மிதிக்கும்."

"ஏம்மா, நீங்க லாரி ஓட்டுவீங்களா?"

"ஓட்டுறவரை ஓட்டுறேன்."

அடுத்தது நாடா வைத்த ஷூ. நீள நாடா பெடலில் மாட்டும் என்று அதையும் தள்ளிவிட்டார். கடைசியில் ஒன்று அகப்பட்டது. அடி மெல்லிசு, வளைகிறது, வழுக்கவில்லை. குதிகாலைக் கவ்விப் பிடிக்கிறது. மேலே காற்றுக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள். ஒட்டுகிற பட்டை. அண்ணனை ஸ்டூலில் உட்கார வைத்து, "கிளட்ச்! பிரேக்! கிளட்ச்!" என்று அண்ணி சொல்லச் சொல்ல, அண்ணன் வெறும் தரையை மிதித்திருக்கிறார். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் வாங்க வந்ததை மறந்து நின்றார்களாம்.

"பிள்ளைங்க மேல ஆணையா இதைப் போட்டுத்தான் ஓட்டுவேன்" என்றார் அண்ணன்.

இரண்டு நாள் ஓட்டினார். மூன்றாம் நாள் எஞ்சின் சூட்டில் ஆணை உருகிவிட்டது. ஷூவோடு வீட்டை விட்டுப் புறப்படுவார். ஷெட்டில் அதைக் கழற்றி டூல்பாக்ஸில் போட்டுவிட்டு, பழைய செருப்பில் வண்டி ஏறுவார். திரும்பி வரும்போது மறுபடி ஷூ.

ஒரு மாதம் ஆனது. ஒரு நாள் டூல்பாக்ஸைத் திறந்தவருக்குத் திக்கென்றது. ஷூ கடையில் வாங்கிய மாதிரியே பளபளக்கிறது. அண்ணி கையில் எடுத்தால் தீர்ந்தது.

அண்ணன் மூளையும் நல்ல மூளைதான், வேலை செய்கிற இடம்தான் சரியில்லை. ஷெட்டின் சிமென்ட் தரையில் உட்கார்ந்து, இரண்டு ஷூவையும் இரண்டு கையில் மாட்டிக்கொண்டு, தரையைத் துடைக்கிறவர் மாதிரி பரபரவென்று தேய்த்தார். மேலே கொஞ்சம் கிரீஸ், கொஞ்சம் மண். பார்த்தால் ஒரு வருஷம் உழைத்த ஷூ. சீட்டி அடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

அண்ணி ஷூவைக் கையில் எடுத்தார். திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

"நல்லாத் தேஞ்சிருக்கே."

"பின்னே? ஒரு மாசமா இதோடதானே கிடக்கிறேன்."

"கிளட்ச் எந்தக் காலுங்க?"

"என்ன கேள்வி இது? இடது."

"ஆக்ஸிலரேட்டர்?"

"வலது. எனக்கு லைசென்ஸ் குடுக்கப் போறியா?"

"வலது குதிகாலைத் தரையில ஊனிக்கிட்டுத்தானே அதை அழுத்துவீங்க?"

"ஆ... ஆமா."

"இருபத்தேழு வருஷமா உங்க செருப்பை எடுத்து ஓரமா வைக்கிறவ நான். வலதுல குதிகாலோட பின் ஓரம் தேயும். இடதுல விரலுக்குக் கீழே தேயும். ஒரு ஜோடி மாறினதில்லை. இது ரெண்டும் ரெட்டைப் பிள்ளை மாதிரி ஒரே அச்சா இருக்கு. லாரியை எப்படி ஓட்டினீங்க, தவ்வித் தவ்வியா?"

அண்ணி ஷூவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ரொம்ப நேரம் கண்ணை மூடிக் கும்பிட்டபடி நின்றார். வெளியே வந்து, "சாப்பிட வாங்க" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை வாசலில் ஷூ இல்லை. ஒரு பழைய ரப்பர் செருப்பு மட்டும் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. 'விட்டுட்டா!' என்று அண்ணன் துள்ளினார். துள்ளலில் சாப்பாட்டை எடுக்கக்கூட மறந்து ஷெட்டுக்குப் போய்விட்டார்.

கேபினில் ஏறி, சாவியைத் திருகப் போகும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தார். மேனேஜர் வந்துகொண்டிருக்கிறார். கூடவே அண்ணி, கையில் துணிப்பையோடு.

"இறங்குங்க!" என்றார் மேனேஜர் கீழே நின்று. "வீட்டம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

செருப்புக் கால் இரண்டும் பெடல் மேல் இருக்கிறது. "எ... என்ன சார் சொன்னா?"

"ஷூ வாங்கி ஒரு மாசம்தான் ஆச்சாமே, அதுக்குள்ள அடி தேஞ்சிடுச்சாமே! நான் பார்க்கணும்."

அண்ணி பொய் சொல்லவில்லை, பாருங்கள். இரண்டும் உண்மைதான்.

அண்ணன் அசையவில்லை. "இருங்க, நானே ஏறி வர்றேன்" என்று மேனேஜர் படியில் கால் வைத்தார். அண்ணன் மனதில் சாவி கை மாறிவிட்டது.

"சார், முதல்ல அவர் சாப்பாட்டை வாங்கிக்கட்டும்" என்று அண்ணி குறுக்கே வந்து, பையை ஜன்னல் வழியாக நீட்டினார். பை கனத்தது. உள்ளே சாப்பாடு இல்லை. ஷூ இருந்தது.

அவசர அவசரமாக ஷூவை மாட்டிப் பட்டையை ஒட்டினாராம். செருப்பைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஷூவோடு இறங்கினார். மேனேஜர் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர். அண்ணன் காலைத் தூக்கச் சொல்லி, அடியைப் பார்த்து, "அடேயப்பா! என்ன உழைப்பு!" என்றார். "நாளையிலிருந்து எல்லா டிரைவரும் இதே மாதிரி ஷூதான் போடணும். தினமும் கேட்டுல நின்னு ஒவ்வொருத்தர் காலையும் நீங்கதான் பார்த்து அனுப்பணும்."

"நானா சார்?"

"இவர் சொன்னா எல்லாரும் கேப்பாங்க சார்" என்றார் அண்ணி.

மேனேஜர் நகர்ந்ததும் அண்ணன் பல்லைக் கடித்தார். "மாட்டியிருந்தா என் வேலை போயிருக்கும்டி!"

"ஒரு முழம் தள்ளியிருந்தா என்னங்க போயிருக்கும்?"

அண்ணன் குனிந்து ஷூ பட்டையை இன்னொரு தரம் அழுத்தி ஒட்டினார். "சரி, என் சாப்பாடு எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

"வீட்டுல இருக்கு. ஷூவோட வந்து சாப்பிடுங்க."

இப்போது நாற்பது டிரைவர்களின் காலை அண்ணன் பார்க்கிறார். அண்ணன் காலை எண்பது கண் பார்க்கிறது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்றைக்குக் கும்பிடும்போது, வண்டி ஓட்டுகிறவர்களுக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்.