தேயாத சோப்பு

"சோப்பு எங்கக்கா?" என்று கை கழுவும் திட்டத்தில் வேலை பார்க்கும் ஷீபா கேட்டதும், சின்னப்பிள்ளை பெருமையோடு பீரோவைத் திறந்தாள். பட்டுச்சேலைகளுக்கு நடுவில் உறைகூடப் பிரிக்காமல், மாப்பிள்ளை மாதிரி படுத்திருந்தது சோப்பு. (சிரிக்காதீர்கள். உங்கள் பீரோவிலும் ஒன்று இருக்கும்.)

"கை கழுவத்தானேக்கா குடுத்தோம்!"

"வெளிநாட்டு சோப்புல யாராச்சும் கை கழுவுவாங்களா? சேலையெல்லாம் என்னா வாசம், மோந்து பாரு!"

"அப்ப கை கழுவுறதே இல்லையா?"

"ஏன் இல்ல? அதுக்குத்தான் கடையில பத்து ரூவா சோப்பு வாங்குறோம்ல. மூணு மாசமா எந்தப் புள்ளைக்கும் வயித்துப்போக்கு இல்ல. நர்சம்மாவக் கேளு."

கேட்டாள். உண்மைதான். ஆனால் உதவி தரும் வெளிநாட்டு அறக்கட்டளை பிள்ளைகளின் வயிற்றை அளக்கவில்லை, சோப்பை அளந்தது. பலன் தெரிந்தால்தான் பணம். பலன் என்றால், நாற்பது வீட்டு சோப்பும் மூன்று மாதத்தில் பாதியாகத் தேய்ந்திருக்க வேண்டும். தேய்ந்தால் ஷீபாவுக்கு இன்னொரு வருஷம் வேலை. தேயாவிட்டால் கைக்குழந்தையை விட்டுவிட்டு, கீரனூரில் பஸ் பிடித்து, திருச்சி ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்க வேண்டும்.

எடை போடுகிற அதிகாரி வர மூன்றே நாள்.

வீடு வீடாகப் போய், "தயவுசெஞ்சு தேய்ச்சுக் கழுவுங்க" என்று கெஞ்சினாள். சோப்பைத் திருப்பி வாங்க வந்திருக்கிறாள் என்று ஊர் முடிவு கட்டியது. சாயங்காலத்துக்குள் பீரோக்களில் இருந்த சோப்புகள் அரிசிப் பானைக்குள் ஒளிந்துகொண்டன.

மறுநாள், திருப்பித் தருவதாகச் சத்தியம் செய்து முப்பத்தொன்பது சோப்பை வாங்கி, ஆவூரில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். கேரட் துருவியை எடுத்து உட்கார்ந்தாள்.

கணவன் ஜெரால்டு எட்டிப் பார்த்தான். "என்ன ஷீபா, புட்டா?"

"பேசாம நீங்களும் ஒண்ணத் துருவுங்க."

துருவி முடித்தால், எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. சந்தேகம் வருமே என்று தண்ணீரில் ஊறவைத்து உருமாற்றி, மொட்டைமாடியில் காயவைத்தாள். காக்கை இரண்டைத் தூக்கிப் போனது. அந்த இரண்டு வீட்டுக்கும் 'முழுவதும் தேய்ந்தது' என்று எழுதிக்கொண்டு, மற்றதைக் காய்ந்ததும் அந்தந்த வீட்டில் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் கேரட் பொரியல் நுரைத்தது. ஜெரால்டு நல்லவன், தின்றுவிட்டான்.

சின்னப்பிள்ளை மட்டும் கடைசிவரை மசியவில்லை. "மருமகப்பிள்ளை சிங்கப்பூர்லேர்ந்து வாராரு. அவரு குளிக்க வேணாமா?"

நாற்பதில் ஒன்றுதானே என்று ஷீபா மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஜீப் வந்தது. அதிகாரி ரகுநாத் இறங்கும்போதே கமகமவென்று ஒரு வாசனை. பெரிய ஆபீசர், சென்ட் போடுவார் என்று நினைத்துக்கொண்டாள்.

"இது பதிமூணாவது ஊரும்மா," என்றார் அவர். "இதுவரைக்கும் ஒரு ஊருகூட ஃபெயில் இல்ல. ஃபெயிலானா எடை போடுற எங்க கம்பெனிக்கு அடுத்த கான்ட்ராக்ட் கிடைக்காதுன்னு வெச்சுக்குங்க. எல்லாத்தையும் எடை போட நேரமில்ல. சீட்டு குலுக்கி ஒரே ஒரு வீடு பாப்போம்."

சீட்டைப் பிரித்தார். "சின்னப்பிள்ளை."



சின்னப்பிள்ளை சோப்பைத் தாம்பாளத்தில், வெற்றிலை பாக்கோடு கொண்டுவந்து நீட்டினாள். "ஒரு சொட்டுத் தண்ணி படாம வெச்சிருக்கேன் சார்!"

தராசு காட்டியது: சரியாக நூறு கிராம்.

ஷீபா உடைந்து அழுதுவிட்டாள். "சார், மன்னிச்சிருங்க. மத்ததையெல்லாம் நான்தான் துருவினேன். ஆனா இந்த ஊருப் புள்ளைங்க கை நெசமாவே சுத்தம் சார். வேணும்னா பாருங்க!"

ரகுநாத் சோப்பைப் பார்த்தார், ஷீபாவின் தோல் உரிந்த விரல்களைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஜீப்பில் சாய்ந்து நின்ற டிரைவர் பிராங்க்ளின் தொண்டையைச் செருமினான்.

"சார், நம்ம துருவிய எடுத்தாரட்டுங்களா? போன ஊரு சோப்பு அதுல இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு."